புகைபோக்கி வைத்த மின்படகு

1. வண்டியில் வந்த படகு

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, தூத்துக்குடியில் எங்கள் படகுப் பதிவு அலுவலகத்தின் முன்னால் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியின் மேல் ஒரு படகு. படகுக்குள் வெள்ளைச் சட்டையும் சோலா தொப்பியும் அணிந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாடுகள் இரண்டும் களைத்திருந்தன. அவர் களைத்தவராகத் தெரியவில்லை.

"இங்கன படகுக்கு லைசென்ஸ் குடுக்கது யாரு?"

நான்தான் இன்ஸ்பெக்டர் என்றேன். வழக்கமாகப் படகைக் கடலில் விட்டு, ஓட்டி, எதிலாவது இடித்த பிறகுதான் லைசென்ஸ் கேட்டு வருவார்கள். வண்டியில் இருக்கும்போதே கேட்ட முதல் ஆள் இவர். விதியை மதிக்கிற ஆளாக இருக்கிறாரே என்று எனக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் வரை இருந்தது.

"இது கரண்ட்ல ஓடுத படகு."

அவர் பெயர் ஞானராஜ். ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிக்கு அடியில் தொங்கும் டைனமோவும் பேட்டரியும் அவருடைய வாழ்க்கை. ஓய்வு பெற்று ஸ்ரீவைகுண்டத்தில் வீடு கட்டிக் குடியேறியதும், ரயில்வே பழைய சாமான் ஏலத்தில் ஒரு டைனமோவை எடுத்து, அதை மோட்டாராகத் திருப்பி, ஒரு சின்ன மரப்படகில் பொருத்திவிட்டார். தாமிரபரணியில் அணைக்குக் கீழே படகு விட வேண்டும். ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் கேட்டாராம். 'படகு சரியா இருக்குன்னு துறைமுகத்துப் பக்கம் எழுதி வாங்கிட்டு வாரும்' என்று இங்கே அனுப்பிவிட்டார்கள்.

"எதுக்கு சார் கரண்டு? ஒரு சின்ன டீசல் இன்ஜின் வச்சா முடிஞ்சுது."

"டீசல் வாடை பட்டா எங்க வீட்டம்மாவுக்கு வாந்தி வரும். பஸ்ஸுல ஏறுனா அடுத்த ஸ்டாப்புல எறங்கணும். கரியில ஓடுத ரயில் வண்டின்னா டெல்லி வரைக்கும் வருவா. டீசல் ஆகாது."

விஷயம் இதுதான். அவர் மனைவி எஸ்தரம்மாவின் ஒரே தங்கை ரூத்து, ஏரலுக்குக் கீழே ஆற்றங்கரையில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். ரூத்தின் கணவர் சமீபத்தில் தொழிலை மூட்டை கட்டிவிட்டு, பம்பாயில் மகனோடு இருக்கப் போவதாக முடிவு செய்திருந்தார். அவர் முதலில் போய் வீடு பார்ப்பது, ஊரில் அசனம் முடிந்த மறுநாள் ரூத்து புறப்படுவது என்று ஏற்பாடு. அசனம் என்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்குள் அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளாவிட்டால், பிறகு எப்போது என்று சொல்ல முடியாது.

"குறும்பூர்ல ரயில் எறங்கி மாட்டு வண்டி பிடிச்சா போயிரலாமே?" என்றேன். வாசலில் நின்ற மாட்டு வண்டியைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஞானராஜ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ரூத்து வீட்டுக்காரன், எஞ் சகலப்பாடி, டீசல் பம்புசெட் யாவாரம் பண்ணுனவன். கரண்ட் படகா, தண்ணியில வச்சா ஷாக் அடிக்குமேன்னு ஊர்பூரா சிரிச்சான். படகுலதான் வருவேன்னு சொல்லிட்டேன். இனி மாட்டு வண்டியில போய் எறங்கவா?"

2. மின்சாரத்துக்கு எத்தனை டிகிரி

எங்கள் விதிகளின்படி படகு மூன்று வகை: பாய்மரம், துடுப்பு, இன்ஜின். மின்சாரம் என்று நான்காவது வகை கிடையாது. மோட்டார் சுற்றுகிறது, அதனால் படகு போகிறது. ஆகவே இது இன்ஜின் படகு என்று எழுதி, அதிகாரி சபாபதி சாரிடம் கொண்டுபோனேன்.

சபாபதி சார் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். அது வேண்டாம் என்பதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும்.

"இன்ஜின் படகுன்னா எரிபொருள் என்னன்னு போடணுமேவே."

"மின்சாரம் சார்."

"அது எத்தன டிகிரியில தீப்பிடிக்கும்?"

ஞானராஜ் எழுந்து நின்று பதில் சொன்னார். "மின்சாரம் தீப்பிடிக்காது சார். தீப்பிடிக்க வைக்கும்."

"ரெண்டும் ஆபத்துதான்" என்றார் சபாபதி சார். "ஒரு வாளி மணல் வையும்."

மணல் வாளி வைக்கப்பட்டது. அடுத்து புகைபோக்கி. இன்ஜின் படகு ஒவ்வொன்றுக்கும் புகைபோக்கி இருக்க வேண்டும், அது பயணிகளின் தலைக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. புகையே கிடையாதே என்று ஞானராஜ் வாதாடினார். புகை இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, புகைபோக்கி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது என்று சபாபதி சார் அமைதியாக விளக்கினார்.

"விதிவிலக்கு வேணும்னா மெட்ராஸுக்கு எழுதலாம்."

மெட்ராஸுக்கு எழுதுவது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். ஞானராஜை வெளியே அழைத்துவந்து, திரேஸ்புரம் போகும் வழியில் இருந்த தகரக் கடையைக் காட்டினேன். இளைஞர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: அலுவலகத்தில் ஒரு பொருள் தேவையில்லை என்று நிரூபிப்பதைவிட, அதை வாங்கி மாட்டிவிடுவது எளிது. அன்று மாலையே படகின் பின்பக்கம் ஒரு தகரக் குழாய் நின்றது. மேலே கூம்பு மூடிகூட இருந்தது. சபாபதி சார் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று திருப்தியோடு சொன்னார்.

3. சட்டப்படி ஏற வேண்டியவர்கள்

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல்.

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பாரம் ஏற்றிப் பார்த்து முடிவு செய்வோம். பழைய துறைமுகத்தின் ஓரத்தில் படகை இறக்கினோம். ரயில்வே பேட்டரிகள் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். அவற்றுக்குமேல் மணல் வாளி, நங்கூரம், புகைபோக்கி. ஒருவர் ஏறினார், படகு தாழ்ந்தது. இரண்டாவது ஆள் ஏறியதும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்குமேல் ஓர் ஆள் ஏறினால் கடல் படகுக்குள் வந்துவிடும்.

ஆக, படகில் இரண்டு பேர். ஞானராஜ் மகிழ்ந்தார். "அது போதும். நானும் அவளும்."

அங்கேதான் நான் விதியைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்ஜின் படகில் இரண்டு பணியாளர்கள் கட்டாயம். படகை நடத்த ஒரு தண்டல். இன்ஜினைப் பார்க்க ஒரு டிரைவர். இருவரும் தேர்வு எழுதிச் சான்று வாங்கியவர்களாக இருக்க வேண்டும்.

ஞானராஜ் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப தண்டலும் டிரைவரும் ஏறுனா?"

"படகு நிறைஞ்சுரும் சார்."

"நானும் எங்க வீட்டம்மாவும்?"

"பாசஞ்சருக்கு எடமில்ல."

"ஏன் சார், ரூத்தப் பாக்கப் போறது அந்தத் தண்டலா, நாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் விதிகளை எழுதியவர்கள் படகின் உரிமையாளர் அதில் ஏற விரும்பக்கூடும் என்று எங்கேயும் எதிர்பார்க்கவில்லை.

அவர் கரையில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அசனத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆனதுல இருந்து படகு முடியட்டும், படகு முடியட்டும்னு தங்கச்சி ஊருக்குப் போகாம அவள நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த எனக்கு, சிரிப்பு நின்றுபோனது அப்போதுதான்.

இரவெல்லாம் விதிகளைப் புரட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. அவை எனக்கு மனப்பாடம். காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே வழி தெரிந்துவிட்டது. பாசஞ்சராகப் போகத்தானே இடமில்லை? இருவரும் பணியாளர்களாகப் போகட்டும். டிரைவர், ஞானராஜ். தண்டல், எஸ்தரம்மா. தண்டல் ஆணாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கு அதுவும் தோன்றியிருக்காது.

ஞானராஜின் டிரைவர் சான்று சுலபமாக முடிந்தது. நீராவி அல்லது ஆயில் இன்ஜினில் அனுபவம் வேண்டும் என்பது நிபந்தனை. அவர் அனுபவமெல்லாம் பேட்டரியில். சபாபதி சார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "சர்வீஸ் பூராவும் நீராவி இன்ஜினுக்குப் பின்னாலதானே இருந்திருக்காரு?" என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம்.

4. தண்டல் தேர்வு

எஸ்தரம்மா ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலேறி, திருநெல்வேலி, மணியாச்சி என்று வண்டி மாறி மாறி, கரிப்புகையை ஆனந்தமாகச் சுவாசித்துக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தார். கண்டாங்கிச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு நீளக் குடை.

"மாட்டு வண்டியில போயிருக்கலாம். நானும் சொன்னேன்" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "இவுக கேக்கணுமே."

தேர்வு நடத்துபவர் சேவியர். சங்குகுளிப் படகுகளில் நெடுங்காலம் தண்டலாக இருந்தவர். தண்டல் சான்று கேட்டு வருபவர்களைச் சோதித்துப் பார்க்க அவரை அழைப்போம். வந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் அவர் என்னைத் தனியே இழுத்தார்.

"என்ன சார் வெளையாட்டு இது? பொம்பளையாளு தண்டலா?"

"விதியில தடையில்ல அண்ணாச்சி."

"கடலுக்கு விதி தெரியுமா?"

"இவுக ஆத்துக்குப் போறாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"எதுத்தாப்புல சிவப்பு வெளக்கு தெரியுது. என்ன செய்வீய?"

"நிப்பேன்" என்றார் எஸ்தரம்மா. ரயில்வே குடும்பம்.

"படகு நிக்காதுக்கா. வெலகணும். நின்னா வந்து இடிச்சிருவான்."

"சிவப்பு வெளக்கு வச்சிருக்கவன் அவன். அவன்லா நிக்கணும்?"

சேவியர் என் பக்கம் திரும்பினார். நான் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். பிறகு விலகும் முறையைச் சொல்லிக்கொடுத்தோம்; ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கயிற்றில் முடிச்சுப் போடச் சொன்னபோது, நம் ஊர்ப் பக்கத்தில் கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சைப் போட்டார். சேவியர் இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அவிழ்க்கவும் முடியவில்லை. கடைசியில் எஸ்தரம்மாவே ஒரு நுனியைச் சுண்டி அவிழ்த்துக் கொடுத்தார்.

பிறகு மூங்கில் கழியைக் கொடுத்து, ஆழமில்லாத இடத்தில் ஒரு வள்ளத்தைத் தள்ளச் சொன்னார். எஸ்தரம்மா குடையை என்னிடம் கொடுத்தார், முந்தானையைச் செருகினார், கழியை ஊன்றினார். வள்ளம் நேராகப் போய்த் திரும்பி வந்தது. ஆற்றங்கரையில் பிறந்தவர், பள்ளிக்கூடத்துக்கு அக்கரைக்குப் போய் வந்தது அப்படித்தானாம். ஞானராஜுக்கே அது புதுச் செய்தி.

"நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே."

சேவியரின் முகம் மாறிவிட்டது. கடைசியாக ஒன்று சொல்லவேண்டும் என்று இருவரையும் பக்கத்தில் நிறுத்தினார்.

"நல்லாக் கேளுங்க. படகுல தண்டல் சொல்லுததுதான் சட்டம். டிரைவரு எதுத்துப் பேசப்பிடாது. வேகமா, மெதுவா, நிறுத்தவா, எல்லாத்துக்கும் தண்டல் வாயத்தான் பாக்கணும். வெளங்குதா?"

எஸ்தரம்மா கணவரைப் பார்த்தார். "கேட்டீயளா?"

5. வெள்ளோட்டம்

லைசென்ஸ் தர ஒரே ஒரு சடங்கு பாக்கி: வெள்ளோட்டம். இன்ஸ்பெக்டர் உடன் செல்ல வேண்டும் என்பது விதி. படகில் எனக்கு இடமில்லை. உடன் செல்ல வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது; படகுக்குள் என்று சொல்லவில்லை. ஆற்றங்கரையில் மிதிவண்டியில் போனேன்.

அசனத்தன்று காலை, ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே படகு இறங்கியது. பக்கவாட்டில் 'மின்னல்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. முன்னால் தண்டல் உட்கார்ந்தார். தம் நீளக் குடையை எங்கே வைப்பது என்று பார்த்தவர், புகைபோக்கியின் மூடியைக் கழற்றச் சொல்லி அதற்குள் செருகினார். அந்தப் படகில் புகைபோக்கிக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

"எடுங்க" என்றார்.

ஞானராஜ் ஸ்விட்சைப் போட்டார். சத்தமே இல்லை. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. புகையில்லை, வாடையில்லை, நடுக்கமில்லை. கரையில் நின்ற கொக்கு ஒன்று பறக்கவும் இல்லை. நான் என் வேலைக்காலத்தில் நூற்றுக்கணக்கான இன்ஜின்களின் இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். அன்று தண்ணீரின் சத்தத்தை மட்டும் கேட்டேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

படகு மெதுவாக வந்ததால், நான் அவ்வப்போது இறங்கி நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. ஆழ்வார்திருநகரி தாண்டியதும் படகைத் தள்ளும் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது.

"டிரைவர் எறங்கி எடுக்கணும்" என்றார் தண்டல்.

"கழியால தள்ளிவிட்டுப் பாப்போமே."

"சேவியர் என்ன சொன்னாரு?"

ஞானராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அதன் பிறகு ஒரு மணல்திட்டு. மறுபடியும் டிரைவர் இறங்கித் தள்ளினார். அதன் பிறகு இன்னொரு பாசி. ஒவ்வொரு தடவையும் மோட்டார் முக்கித் திணறியதில் பேட்டரி கரைந்துகொண்டே வந்தது. ஏரல் பாலத்துக்கு வருவதற்குள் படகின் வேகம் ஆற்றின் வேகம்தான். பாலத்தைத் தாண்டி, ஊர்த் தேவாலயக் கோபுரம் தென்னைகளுக்கு மேல் தெரியத் தொடங்கிய இடத்தில், 'மின்னல்' நின்றேவிட்டது. அசனத்துக்குக் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஞானராஜ் ஸ்விட்சை மேலும் கீழும் தட்டினார். "கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்ப எடுக்கும்."

"பந்தி முடிஞ்சிரும்" என்றார் எஸ்தரம்மா. கழியைக் கையில் எடுத்தவர், ஊன்றும் முன்பு கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், மோட்டார் ஓடலன்னா இது என்ன படகு?"

எனக்கு விதி தெரியும் என்பதால் வந்த வினை. "கழி, துடுப்புப் படகுக் கணக்குலதான் வரும்."

"துடுப்புப் படகுக்கு டிரைவர் வேணுமா?"

"வேண்டாம்."

"அப்ப இவுக யாரு?"

கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றுதான். "பாசஞ்சர்."

"லைசென்ஸுக்கு எழுதுனதுல பாசஞ்சர் உண்டா?"

"இல்ல."

எஸ்தரம்மா கணவரைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "எறங்குங்க. நீங்க எறங்குனா படகு லேசாவும், வெரசாப் போயிருவேன். அவ எனக்காக எல போட்டு வச்சிட்டு நிப்பா."

ஞானராஜ் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கரையேறினார். படகு உடனே ஒரு சாண் உயர்ந்தது. எஸ்தரம்மா எழுந்து நின்று கழியை ஊன்றித் தள்ளினார். அன்று முழுவதும் அந்தப் படகு போகாத வேகத்தில் போனது. நாங்கள் இருவரும் கரையில் நடந்தோம். நான் மிதிவண்டியை உருட்டினேன், அவர் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார்.

படித்துறையில் ஒரு பெண்மணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர்தான் ரூத்து. "ஏளா அக்கா! நீயா தள்ளிட்டு வார?" என்ற சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எஸ்தரம்மா கழியைப் போட்டுவிட்டுப் படியில் காலை வைத்தார். அதற்குமேல் அவர்கள் பேசியது எதுவும் புரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள்.

சகலை முன்னதாகவே பம்பாய்க்குப் போய்விட்டதால் அவருடைய கிண்டலிலிருந்து ஞானராஜ் தப்பித்தார். ஆனால் ஊர் விடவில்லை. "அண்ணாச்சி, கரண்டு படகு எங்க? அக்கா வள்ளத்துல வந்துட்டாகளே!" என்றார் ஒருவர். ஞானராஜ் ஈர வேட்டியோடு பந்தியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். பக்கத்து இலை எனக்கு. சாம்பார் நன்றாக இருந்தது.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: "படகு குறித்த இடத்தை அடைந்தது. தண்டல் கடைசி வரை படகில் இருந்தார். டிரைவர் கரை வழியாக வந்து சேர்ந்தார்." சபாபதி சார் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்ட ஒரே அறிக்கை அதுதான்.

6. பிறகு

மறுநாள் ரூத்து தனியாகப் பம்பாய் போகப் பயந்தார். எஸ்தரம்மா துணைக்குப் போனார். குறும்பூர் வரை மாட்டு வண்டி, பிறகு பெரும்பாலும் கரி வண்டி. நாலு நாளில் வருவதாகச் சொன்னவர், கிறிஸ்துமஸ் வரை அங்கேயே தங்கிவிட்டார்.

ஞானராஜ் ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை பஸ்ஸில்.

"பேட்டரிய அந்த ஊர் ரைஸ்மில்லுல சார்ஜ் பண்ணி வச்சிருக்கேன். ஆத்துலயும் தண்ணி வரத்து கொறஞ்சிருக்கு. எதுத்து வந்துரலாம். படக எடுத்துட்டு வரட்டுமா?"

"தண்டல் இல்லாம எடுக்கக் கூடாது சார்."

"அவ எப்ப வாரான்னு தெரியலையே."

"வந்ததும் அவங்கள்ட்ட கேளுங்க."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பரவால்ல. இந்தப் படகுக்காக ரெண்டு வருசம் அவ காத்திருந்தாள்லா, இப்ப என் மொற" என்று எழுந்து போனார்.

இப்போது யார் யாரோ மின்படகு வாங்கலாமா, ஆற்றில் விட்டால் வசதிப்படுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வசதிதான். வாந்தி வராது, கொக்கு பறக்காது. நீரோட்டத்தோடு போகும் தூரத்தை மட்டும் கணக்கிடாமல் எதிர்த்துத் திரும்பும் தூரத்துக்குப் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பாசி, மணல்திட்டு இரண்டையும் விசாரியுங்கள். ஒரு மூங்கில் கழி கட்டாயம் வையுங்கள். இதையெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாதது ஒன்று: படகில் யார் தண்டல் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அது நீங்கள் இல்லையென்றால், நடந்து போகச் செருப்பு எடுத்து வையுங்கள்.